சம்பந்தி உட்கார்ந்த சக்கர நாற்காலி

சார், தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் மடியில் இருக்கிற அந்த வழவழத் தாளில் கப்பல் படம் போட்டிருக்கிறதே, போகப்போகிறீர்களா? போங்கள், போங்கள். முட்டியில் பெல்ட், கையில் தடி. அதனால் என்ன? நான் போய் வந்தவன். இந்த பிசியோ கிளினிக்கில் முட்டிக்குக் கரண்ட் வைக்கிற மெஷின் ஒன்றுதான் இருக்கிறது, உள்ளே கூப்பிட நேரமாகும். அதுவரை சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். இதையெல்லாம் அந்தத் தாளில் போட மாட்டார்கள்.

முதலில், மாத்திரையைப் பெரிய பெட்டியில் வைக்காதீர்கள். பெட்டியைத் துறைமுகத்து வாசலிலேயே வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அது அறைக்கு வந்து சேர சாயங்காலம் ஆகிவிடும். மத்தியான மாத்திரைக்கு யாரிடம் போய் நிற்பீர்கள்? மாத்திரை கைப்பையில் இருக்க வேண்டும்.

அப்புறம், அறை லிப்டுக்குப் பக்கத்தில் வேண்டும் என்று டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள். கப்பல் என்றால் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. ஒரு தெருவை அப்படியே பெயர்த்துத் தண்ணீரில் விட்டு, அதன் தலைமேல் இன்னும் பத்துத் தெருவை அடுக்கிய மாதிரி இருக்கும். லிப்டில் இறங்கிக் கடைசி அறைக்கு நடந்து போவதற்குள் பசி வந்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், சம்பந்தியோடு போகாதீர்கள். சிரிக்காதீர்கள், அனுபவத்தில் சொல்கிறேன்.

என் பேர் சீனிச்சாமி. அருப்புக்கோட்டை. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவன். கம்பம் ஏறின கால் சார் இது. இங்கே எனக்காக வரவில்லை, என் சம்பந்திக்குத் துணையாக வந்திருக்கிறேன். என் மகள் சுகந்திக்கு மாமனார், ஏகாம்பரம் என்று பேர். பெரம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்தவர். இன்றைக்கும் முதுகு கம்பு மாதிரி நிற்கும். விசில் ஊதினால் கிழவர்கள்கூட வரிசையில் நின்றுவிடுவார்கள். அவருக்கும் வீட்டுக்காரம்மா இல்லை, எனக்கும் இல்லை. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்குள் பேச்சு என்றால், "வாங்க சம்பந்தி", "சௌக்கியமா சம்பந்தி", "போய்ட்டு வரேன் சம்பந்தி". அவ்வளவுதான்.

போன வருஷம் என் வீட்டுக் கொல்லைப்பக்கத்தில் ஒருநாள் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் சுகந்திக்குப் போன் போட்டு, "அப்பா விழுந்துட்டாரும்மா" என்று சொல்லிவிட்டார். விழவில்லை சார். உட்கார்ந்தேன். கொஞ்சம் வேகமாக உட்கார்ந்தேன். எழுந்திருக்கத்தான் சற்று நேரமாயிற்று.

அவள் அன்றைக்கே கிளம்பி வந்துவிட்டாள். "போதும்ப்பா. வீட்டைப் பூட்டுங்க. எங்கூட மெட்ராஸ் வந்துருங்க."

எப்படிப் போவது, நீங்களே சொல்லுங்கள். பெண்ணைக் கொடுத்த வீட்டில் இரண்டு வேளைக்கு மேல் கை நனைக்கலாமா? அதுவும் சம்பந்தி இருக்கிற வீடு. அவர் வீட்டில், அவர் ஃபேனுக்குக் கீழே, அவருக்கு எதிரே காலை நீட்டிக்கொண்டு நான் என்னவென்று உட்காருவது? மாட்டேன் என்றேன். அவள் அழுதாள். மாட்டேன் என்றேன். அவள் கோபித்துக்கொண்டாள். கடைசியில் மாப்பிள்ளை ராஜவேலு எல்லோருக்குமாகச் சேர்த்துக் கப்பல் டிக்கெட் போட்டுவிட்டார். சென்னையில் ஏறி இலங்கைப் பக்கம் போய்த் திரும்பி வருகிற கப்பல். அப்போதுதான் சுகந்தி பந்தயம் வைத்தாள்.

"அப்பா, கப்பல்ல ஏறி இறங்குற வரைக்கும் யாரு கையையும் பிடிக்காம நீங்க நடமாடிட்டா, மெட்ராசுக்கு வாங்கங்கிற பேச்சையே நான் இனிமே எடுக்க மாட்டேன். பிடிச்சீங்கன்னா, பேசாம வீட்டைப் பூட்டிட்டு வந்துரணும்."

"சத்தியமா?"

"சத்தியமா."

கம்பம் ஏறின காலிடம் பந்தயம்! சரி என்றேன்.

துறைமுகத்தில் கால் வைத்ததும் முதல் வம்பு வந்தது. நீலச் சட்டை போட்ட ஒருவர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து, "யாருக்கு சார்?" என்று கேட்டார். ஒரே ஒரு நாற்காலி.

"சம்பந்திக்கு" என்றேன் நான்.

"சம்பந்திக்கு" என்றார் அவர்.

"நீங்க உக்காருங்க சம்பந்தி. மாப்பிள்ளை வீட்டுக்காரர் நிக்க, நான் உக்காந்தா நல்லாவா இருக்கு?"

"அட நீங்க மொதல்ல. எங்க வூட்டுக்குப் பொண்ணு குடுத்தவரு நீங்க. உங்கள நிக்க வெச்சா என்னை நாலு பேரு என்னான்னு சொல்லுவான்?"

"உங்க வயசுக்கு..."

"உங்களவிட நான் சின்னவன் சம்பந்தி!"

பின்னால் வரிசை நின்றுவிட்டது. ஒரு வடநாட்டு அம்மாள் என்னவோ சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள். நீலச் சட்டைக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எங்கள் இருவருடைய பைகளையும் நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். எங்கள் குடும்பத்தில் அந்தக் கப்பலுக்குள் மரியாதையோடு போனது அந்தப் பைகள்தான். நாங்கள் பின்னாலேயே, கரையிலிருந்து கப்பலுக்குப் போட்டிருந்த சாய்பாலத்தில் ஏறினோம். நான் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். கம்பியைப் பிடிக்கக் கூடாது என்று பந்தயத்தில் இல்லை.

அறை விஷயத்துக்கு வருகிறேன். நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கென்று கப்பலில் தனி அறை உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள், வெட்கப்படாதீர்கள். மற்ற அறைகளில் குளியலறை வாசலில் முழங்கால் அளவுக்கு இல்லாவிட்டாலும் கணுக்கால் அளவுக்கு ஒரு தடுப்பு இருக்கும், தடுக்கும். இந்த அறையில் அது கிடையாது. கதவு அகலம். குளிக்கிற இடத்தில் உட்கார ஒரு பலகை, பிடித்துக்கொள்ள சுவரில் கம்பி. எங்கள் இருவருக்கும் சேர்த்து அப்படி ஒரு அறையைத்தான் மாப்பிள்ளை போட்டிருந்தார். எனக்கு எதற்கு? சம்பந்திக்காகப் போட்டிருப்பார் என்று நினைத்தேன். சம்பந்தி எனக்காக என்று நினைத்திருப்பார் போல. இரண்டு பேரும் அந்தக் கம்பியைப் பார்த்தோம். ஒருவரையொருவர் பார்த்தோம். பாவம் என்று தலையாட்டிக்கொண்டோம்.

சாப்பாடும் ஒரு சங்கடம். எல்லாம் பரத்தி வைத்திருப்பார்கள். நாமேதான் தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு கையில் தடி, ஒரு கையில் தட்டு. எடுத்துப் போட மூன்றாவது கை எங்கே? அங்கே வேலை செய்கிறவர்களிடம் சொன்னால் மேஜைக்கே கொண்டுவருவார்கள். சொல்லுங்கள். நான் சொல்லவில்லை. அன்று மத்தியானம் நான் ஒரு பன்னை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். சம்பந்தி இரண்டு தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்தார்.

"பேராசையில நெறைய எடுத்துட்டேன் சம்பந்தி. வீணாப் பூடும். ஒரு கை குடுங்க."

பார்த்தீர்களா, சாப்பாட்டு விஷயத்தில் மனுஷருக்கு அளவு தெரியாது. வீணாகக் கூடாதே என்று நான்தான் அந்தத் தட்டை முடித்தேன். சாப்பிடும்போதே பெருமை வேறு. "பகல்ல பசங்க ஆபீஸ் பூடுவாங்க சம்பந்தி. வூட்ல கேரம் போர்டு ஒண்ணு கீது. நல்ல போர்டு. எதிர்ல ஒக்கார ஆளுதான் இல்ல." தன்னிடம் கேரம் போர்டு இருக்கிறதாம்.

அறைகளுக்கு நடுவே போகிற அந்த நீளமான நடையைச் சொல்ல வேண்டும். தரை முழுவதும் மெத்தென்று கம்பளம். கம்பளம் பார்க்கத்தான் அழகு, காலை விடாது. கப்பலும் லேசாக ஆடும். ரப்பர் அடி வைத்த செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள். நான் அவசரப்படவில்லை. சுவரில் மாட்டியிருந்த படங்களை ஒவ்வொன்றாக நின்று பார்த்துக்கொண்டே போனேன். எல்லாம் மீன் படம். சம்பந்தியும் நான் நின்ற இடத்திலெல்லாம் நின்றார். "பெரிய மீனு" என்பார். அடுத்த படத்தில், "இதுவும் பெரிய மீனுதான்" என்பார். பி.டி. மாஸ்டருக்கு மீனில் இவ்வளவு ஆசை இருக்கும் என்று யார் கண்டார்கள்?

மறுநாள் காலையில்தான் அந்தச் சிவப்புக் கயிறு. நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள் சார். அந்த அறையின் குளியலறையில் மேலே இருந்து தரை வரைக்கும் ஒரு சிவப்புக் கயிறு தொங்கும். குளித்து முடித்தேன். ஈர வேட்டியைக் காயப்போடக் கொடி இல்லை. இந்தக் கயிறோ சும்மா தொங்குகிறது. லைன் இழுத்தே பென்ஷன் வாங்கியவன் நான். கயிற்றின் நுனியை எட்டிப் பிடித்து எதிர்ச்சுவர்க் கம்பியில் விறைப்பாக ஒரு முடிச்சுப் போட்டேன். எங்கேயோ பீப் பீப் என்று சத்தம் கேட்டது. பக்கத்து அறையில் யாரோ மைக்ரோவேவ் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். வேட்டியை உதறிப் போட்டேன். உதறின வேகத்தில் உட்கார்ந்தேன்.

விழவில்லை. உட்கார்ந்தேன்.

சம்பந்தி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். பார்த்தார். என் கக்கத்தில் கை கொடுத்து ஒரே தூக்காகத் தூக்கி, ஒரு துண்டைச் சுற்றி, கட்டிலில் கொண்டுபோய் உட்கார வைத்து, டி.வி. ரிமோட்டைக் கையில் கொடுத்தார். நான் அவர் கையைப் பிடிக்கவில்லை சார். அவர்தான் என் கக்கத்தைப் பிடித்தார். அது வேறு, இது வேறு.

அதற்குள் அறை நிறைய ஆள். வெள்ளைக் கோட்டு போட்ட டாக்டரம்மா, மருந்துப் பெட்டியோடு ஒருவர், சக்கர நாற்காலியோடு ஒரு பெண். மிசோரமாம், சிரித்த முகம். அவர்களுக்குப் பின்னால் தலையில் ஈரத் துண்டோடு சுகந்தி. அந்தக் கயிறு ஆபத்துக்கு இழுக்கிற கயிறாம். எழுதித்தான் ஒட்டியிருந்தார்கள், கண்ணாடி போடாமல் குளிக்கப் போகிறவனுக்கு எப்படித் தெரியும்?

"யாரு விழுந்தது?" என்றாள் சுகந்தி. கேட்டது பொதுவாக. பார்த்தது என்னை. போயிற்று, வீட்டைப் பூட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

"நாந்தாம்மா" என்றார் சம்பந்தி.

"நீங்களா மாமா?"

"ஆமாம்மா. சோப்புல வழுக்கிட்டேன். சம்பந்திதான் ஓடியாந்து தூக்கினாரு. அவரு இல்லன்னா இன்னிக்கு என் கதி அவ்ளோதான்."

மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் புத்தியைப் பார்த்தீர்களா? கல்யாணத்தில் நாங்கள் போட்ட சாப்பாட்டுக்கு, வந்தவர்களிடமெல்லாம் இவர் பாராட்டு வாங்கிக்கொண்டார். சரி, போகட்டும் என்று விட்டேன். இங்கே நான் உட்கார்ந்ததையும் தன் பேரில் எடுத்துக்கொள்கிறார்! ஆனால் பந்தயம் இருக்கிறதே. வாயை மூடிக்கொண்டு டி.வி. பார்த்தேன். டி.வி. போடவே இல்லை என்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

டாக்டரம்மா அவர் இடுப்பை அமுக்கிப் பார்த்தார். அமுக்குவதற்கு முன்னாலேயே சம்பந்தி "ஆ" என்றார். இறங்குகிற வரைக்கும் நாற்காலியிலேயே இருங்கள், நாற்காலி அறையிலேயே இருக்கட்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அந்த மிசோரம் பெண் தள்ள வந்தாள். சம்பந்தி கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"வேணாம்மா. எங்க சம்பந்தி தள்ளுவாரு. அவரு தள்ளினாத்தான் எனக்கு தைரியம்."

எனக்கு என்ன ஆட்சேபணை? பெண்ணைக் கொடுத்தவன் மாப்பிள்ளையின் தகப்பனாருக்குச் செய்தால் அது கௌரவம்தான். பின்னால் நின்று இரண்டு பிடியையும் பிடித்தேன். தடியை அவர் மடியில் போட்டேன். தள்ளினேன்.

ஒரு ஆச்சரியம் சொல்கிறேன். அதற்கப்புறம் எனக்கு முட்டி வலி தெரியவே இல்லை. அந்த நீள நடை, கம்பளம், ஆட்டம், எதுவும் என்னை ஒன்றும் செய்யவில்லை. மீன் படம் எதையும் நின்று பார்க்கவில்லை. அடுத்தவருக்கு உபகாரம் செய்தால் உடம்பு லேசாகிவிடும் என்பது சும்மா இல்லை சார்.

தள்ளுவதிலும் சில விஷயம் இருக்கிறது. உங்களோடு வருகிறவர்களிடம் சொல்லுங்கள். நிறுத்தினால் உடனே பிரேக் போட வேண்டும். கப்பல் ஆடினால் நாற்காலி தானாக உருண்டுவிடும். ஆட்டம் பாட்டம் முடிகிற நேரத்தில் லிப்டுக்குப் போகக் கூடாது. எல்லோரும் அப்போதுதான் வருவார்கள். அப்புறம், எந்த ஊரில் கப்பல் கரையோடு ஒட்டி நிற்கும், எந்த ஊரில் நடுக்கடலில் நின்று சின்னப் படகில் இறக்குவார்கள் என்று முன்னாடியே கேட்டுவிடுங்கள். படகு என்றால் நாற்காலிக்காரர்களை ஏற்ற மாட்டோம் என்றுகூடச் சொல்லிவிடுவார்கள். திருகோணமலையில் நாங்கள் போனபோது கரையிலேயே நின்றது. சாய்பாலத்தில் இறங்கும்போது நாற்காலியைத் திருப்பி, பின்பக்கமாக இறக்க வேண்டும்.

அப்படித்தான் இறக்கினேன். பாதிச் சரிவில் நாற்காலி என் பக்கமாகக் கொஞ்சம் வேகமெடுத்தது. சம்பந்தி சட்டென்று இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டார். நின்றுவிட்டது.

"பயப்படாதீங்க சம்பந்தி, நான் பிடிச்சிருக்கேன்ல?"

"ஆமா சம்பந்தி. நீங்க கீறீங்கன்ற தைரியந்தான்" என்றார். பயந்த சுபாவம்.

அந்த ஊரில் தெருவிலேயே மான் நடமாடுகிறது சார். புள்ளிமான். மாடு மாதிரி கடை வாசலில் வந்து நிற்கிறது. ஒரு மான் வந்து சம்பந்தி மடியில் இருந்த வாழைப்பழத்தை உரிமையோடு எடுத்தது. அவர் மானைப் பார்த்து, "ஏய், லைன்ல வா" என்றார். நான் சிரித்தேன். கைப்பிடியை விடாமல் சிரித்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்படிச் சிரித்து ரொம்ப நாளாயிற்று. எனக்கு, எனக்குத்தான். அவர் விஷயம் தெரியாது.

இப்போது அசல் விஷயத்துக்கு வருகிறேன். கடைசி நாள் காலையில் கண் விழித்துப் பார்த்தால் பக்கத்துக் கட்டில் காலி. நாற்காலி கிடக்கிறது, ஆளைக் காணோம். தள்ளித் தள்ளி, அவருக்கு இடுப்பு ஒடிந்தது நிஜம் என்றே எனக்கும் ஆகிவிட்டிருந்தது. இடுப்பு ஒடிந்த மனுஷர் எங்கே போனார்? எனக்குப் பதறிவிட்டது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு தேடிப் போனேன். நடை முழுக்கப் பார்த்தேன். லிப்டில் ஏறி மேல்தளத்துக்குப் போனேன்.

அங்கே நடக்கிறார் சார்! கையை வீசி, நெஞ்சை நிமிர்த்தி, சுதந்திர தின அணிவகுப்பு மாதிரி நடக்கிறார். திரும்புகிற இடத்தில் குதிகாலைத் தட்டித் திரும்புகிறார். என்னைப் பார்த்தாரோ இல்லையோ, ஒரு கை கம்பிக்குப் போயிற்று, ஒரு கை இடுப்புக்குப் போயிற்று.

"ஐயோ சம்பந்தி... வலி தாங்கல சம்பந்தி..."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? நல்ல காலை வைத்துக்கொண்டு, ஒரு வயசான மனுஷனை, அதுவும் பெண் கொடுத்தவனைக் கப்பல் பூராவும் தள்ள வைத்திருக்கிறார்! "உக்காருங்க" என்றேன். உட்கார்ந்தார். தள்ளிக்கொண்டு நேரே சுகந்தியின் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினேன்.

"உன் மாமனாருக்கு ஒண்ணுமில்லம்மா! மேல ஜம்முனு நடக்குறாரு. என் கண்ணால பாத்தேன்."

சுகந்தி அவரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

"நீங்க எப்படிப்பா மேல வரைக்கும் போனீங்க? தடி எங்க?"

"தடி ரூம்ல கிடக்கு. நாற்காலியைத் தள்ளிக்கிட்டுத்தான் போனேன்."

"காலி நாற்காலியவா?"

"பின்ன, ஆளு மேலதானே இருந்தாரு?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். தோள் குலுங்கியது. திரும்பும்போது கண் ஈரமாக இருந்தது. மாமனாரைக் குற்றம் சொன்னால் மருமகளுக்குப் பொறுக்கவில்லை! பெற்ற மகள் சார். என் பக்கம் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம், "நீங்க ஜெயிச்சிட்டீங்கப்பா" என்றாள். "யாரு கையையும் பிடிக்கல. இனிமே நான் கேக்க மாட்டேன்."

சம்பந்தி முகம் சட்டென்று விழுந்துவிட்டது. என் வெற்றி அவருக்குப் பொறுக்கவில்லை.

ஊருக்கு வந்துவிட்டேன். சுகந்தி தினமும் போன் செய்தாள். மழை பெய்ததா என்பாள், என்ன குழம்பு என்பாள். வாங்க என்று மட்டும் ஒரு வார்த்தை வராது. சத்தியத்தை இவ்வளவு கறாராகக் காப்பாற்றுவாள் என்று நான் நினைக்கவில்லை. அவள் கேட்டால் நான் மறுக்கலாம். கேட்கவே இல்லை என்றால் எதை மறுப்பது? வீட்டில் பகல் ரொம்ப நீளமாகிவிட்டது.

அப்படி இருக்கும்போது சம்பந்தி போன் செய்தார். "இடுப்பு ரொம்ப மோசம் சம்பந்தி. பிசியோவுக்குப் போவச் சொல்றாங்க. தனியாப் போவ முடில. நீங்க ஒரு வாரம் வந்தீங்கன்னா..."

பொய். பச்சைப் பொய். வந்து கையும் களவுமாகப் பிடிப்போம் என்றுதான் கிளம்பினேன். அது ஆவணி. இப்போது சித்திரை. மனுஷர் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறார். "எனக்கு ஒண்ணுமில்ல, சும்மா நடிச்சேன்" என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்விடுவேன். சொல்லும்வரை நான் நகர்வதாக இல்லை. சாப்பாடா? அது துணைக்கு வந்தவனுக்குப் போடுகிற சாப்பாடு, விருந்தாளிச் சாப்பாடு இல்லை. அதில் தப்பில்லை. துணைக்கு வந்த இடத்தில் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறேன் என்று என் முட்டிக்கும் அந்தக் கரண்டை வைத்துவிடுகிறார்கள். இப்போதெல்லாம் எனக்கு மட்டும்தான் வைக்கிறார்கள். அவருக்கு ஒன்றுமில்லை என்று இவர்களுக்கே தெரிந்துவிட்டது பாருங்கள்.

அதோ, கண்ணாடி வழியாகப் பாருங்கள். எதிர்க்கடையிலிருந்து ரோட்டைத் தாண்டி வருகிறாரே, அவர்தான். எப்படி வருகிறார் பாருங்கள்! பஸ்ஸையே கை காட்டி நிறுத்துகிறார். இப்போது படி ஏறுகிறார், இரண்டு இரண்டு படியாக. பாருங்கள், பாருங்கள், இன்னும் என்னைப் பார்க்கவில்லை... பார்த்துவிட்டார். நொண்டுகிறார்! இதற்கு நீங்கள்தான் சாட்சி.

என்னையே முதலில் உள்ளே கூப்பிடுகிறார்களா? வருகிறேன்ம்மா, வருகிறேன். சம்பந்தி, இப்படி வாங்க. ரொம்ப வலிக்குதா? தோளைக் கொடுங்க. இன்னும் கிட்ட வாங்க. அவ்வளவுதான், என் கையை இப்படிப் போட்டுக்கிட்டேன், இனி விழ மாட்டீங்க. மெதுவா. மெதுவா.

சார், அந்தக் கதவை மட்டும் கொஞ்சம் திறந்து பிடியுங்கள். பாவம், என்னை விட்டால் இவருக்கு யார் இருக்கிறார்கள்?